மண்சரிவும் மனிதர் செயலும்

தமிழ் இலக்கணத்திலே தன்வினை, பிறவினை என்று ஒரு பாகுபாடு உண்டு. ‘திருந்தினான்’ என்பது தன்வினை; ‘திருத்தினான்’ என்பது பிறவினை. ‘மண் சரிந்தது’ என்று நாம் எழுதும்போது மண்ணே எழுவாய்; அது தானாகவே சரிந்தது; வேறொருவருக்கும் அங்கே வேலையில்லை. ஆண்டுதோறும் வைகாசி மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நமது நாளிதழ்களும், அமைச்சுக்களின் அறிக்கைகளும், இரங்கற் கவிதைகளும் இவ்வாக்கியத்தையே ஒருமித்த குரலில் எழுதி வருகின்றன. இலக்கணப் பிழை ஏதுமற்ற இவ்வாக்கியத்தில் உண்மைப் பிழை ஒன்று உண்டு. மலையைச் சரியக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தவர் யார், சரியக்கூடிய மலையின் கீழே மனிதரைக் குடியிருத்தியவர் யார் என்ற இரு வினாக்களையும் அது விழுங்கிவிடுகின்றது.

அரசாங்க மொழியில் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ‘அனர்த்தம்’ என்று பெயர். வடமொழிச் சொல், அர்த்தம் இல்லாதது என்பது அதன் உறுப்புப் பொருள். அர்த்தம் என்பதற்குக் கருத்து என்றும் செல்வம் என்றும் இரு பொருளுண்டு; நமது ‘பொருள்’ என்ற சொல்லுக்கும் அவ்வாறே. மலைநாட்டின் மண்சரிவுச் சாவுகள் இவ்விரு வகையாலும் பொருளற்றவை அல்ல. அவற்றுக்குத் தெளிவான காரணமும் உண்டு. அக்காரணத்தின் பின்னே நூற்றெண்பது ஆண்டுக்காலப் பொருளீட்டலும் உண்டு.

2014-ம் ஆண்டு ஒக்டோபர் 29-ந் திகதி காலை ஏழரை மணியளவில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சாரல் ஒன்று பெயர்ந்து லயங்களின்மேல் வீழ்ந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடுமில்லை, தாய் தந்தையருமில்லை. அன்று மறைந்தோர் எத்தனை பேர்? முந்நூறு வரை இருக்கலாம் என்றனர் முதலில். இருநூற்றுக்குச் சிறிது குறைவு என்றனர் பின்னர். ஈற்றில் நாற்பதுக்கு உட்பட்ட தொகையே நிலைத்தது. தொகை குறைந்ததையிட்டு ஆறுதல் கொள்ளாதார் இலர். ஆயினும் அக்குழப்பம் ஓர் உண்மையைப் புலப்படுத்திற்று. ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை கிலோ கொழுந்து பறித்தாள் என்பதை அன்றன்றே நிறுத்து ஏட்டில் பதிந்து வைக்கத் தெரிந்த இந்த நாட்டுக்கு, அவளுடைய லயத்தில் அன்றிரவு எத்தனை பேர் உறங்கினர் என்பது தெரிந்திருக்கவில்லை.

மீரியபெத்தை சரியுமென்பது எவரும் அறியாத ஒன்றாய் இருக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-ம் ஆண்டிலேயே அவ்விடத்தின் ஆபத்தைச் சுட்டிக்காட்டியது, அதன்பின்னரும் எச்சரித்தது. சரிவு நிகழ்ந்ததும் அதிகார வட்டாரங்களில் எழுந்த முதல் விடை என்ன? ‘நாம் எச்சரித்தோம், அவர்கள் வெளியேறவில்லை’ என்பதே. இந்த ஒரு வாக்கியத்தை அடிப்படையாகக் கொண்டே நமது அனர்த்தக் கொள்கை முழுவதும் கட்டப்பட்டிருக்கின்றது எனலாம். ஆதலின் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

வெளியேறு என்பது ஏவல் வினை. வெளியேறி எங்கே செல்வது என்ற வினாவுக்கு அவ்வேவலில் இடமில்லை. லயத்து அறை தொழிலாளிக்குச் சொந்தமன்று. தோட்டத்தில் வேலை செய்யும் உறவினாற் கிடைத்த இருப்பிடம் அது. அறையை அடுத்துள்ள ஒரு முழ நிலமும் அவருடையதன்று. அவர் நட்ட கறிமிளகாய்ச் செடிக்கும், கட்டி வைத்த மாட்டுக் கொட்டிலுக்கும் சட்டத்தின் முன்னே மதிப்பில்லை. கிராமத்தில் ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தால், அவர் தம் நிலத்தின் இன்னொரு மூலையிலோ, உறவினர் நிலத்திலோ ஒரு கொட்டிலைப் போட்டுக் கொள்ளலாம். அல்லது உள்ளதை விற்று வேறிடம் வாங்கலாம். தோட்டத் தொழிலாளி தமது லயத்தை விட்டு நூறு யார் தள்ளி ஒரு தகரக் கொட்டில் அமைப்பதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை வேண்டி நிற்க வேண்டும். அத்தகைய மனிதரை நோக்கி ‘உன்னைப் போகச் சொன்னோமே’ என்பது, கையைக் கட்டிவிட்டு ‘நீந்தச் சொன்னோமே’ என்பது போலாகும்.

எச்சரிக்கை விஞ்ஞானத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை வீழ்ந்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றரானால் எச்சரிக்கை, 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் அல்லது ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால் வெளியேற்றம் என்று படிப்படியாக வகுத்து, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நிறங் கொடுத்திருக்கின்றனர். ஆண்டுக்கணக்கில் மலையேறி, மண்ணைத் தோண்டி, அளந்து பெற்ற அறிவு அது. அதனைத் தேடித் தந்த அறிஞர்களுக்கு இந்நாடு கடமைப்பட்டுள்ளது. ஆனால் சிவப்பு நிற அறிவித்தல் ஒரு லயத்தை அடையும்போது அது என்னவாகின்றது என்பதையும் காணல் வேண்டும்.

நள்ளிரவில், அடைமழையில், நோயுற்ற முதியோரையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு, வழுக்கும் மலைப்பாதையில் ஓரிரு மைல் நடந்து, தோட்டத்துப் பாடசாலையை அடைய வேண்டும். அங்கே வாங்கில்களை ஒதுக்கிவிட்டுச் சீமெந்துத் தரையிற் படுக்க வேண்டும். விடிந்தால் பெரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடுவார்கள். போகாதவருக்கு அன்றைய சம்பளமில்லை. இரண்டு மூன்று நாளில் மழை ஓயும், அறிவித்தல் நீங்கும், அனைவரும் அதே லயத்துக்குத் திரும்புவர். வெடித்த மலை வெடித்தபடி மேலே நிற்கும். அடுத்த பருவத்தில் மீண்டும் சிவப்பு, மீண்டும் பாடசாலை, மீண்டும் திரும்புதல். இவ்வாறு மூன்று முறை சென்று ஒன்றும் நேராமல் மீண்டவர் நாலாம் முறை தயங்கினால், அதனை அறியாமை என்றும் பிடிவாதம் என்றும் பழிப்பது எளிது. நமது கருத்தில் அது அறியாமையன்று. தமக்குள்ள தெரிவுகளை அவர் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார், தெரிவுகள்தாம் போதவில்லை.

(பாடசாலைகளைப் பற்றியும் ஒரு சொல். மலைநாட்டில் ஒவ்வோர் அழிவின் போதும் முதலில் மூடப்படுவது தமிழ்ப் பாடசாலையே. முகாமாகத் திறக்கப்படுவதும் அதுவே. வாரக் கணக்கில் வகுப்பின்றி இருந்த பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளை எழுதுகின்றனர். பின்னர் பெறுபேறுகளை ஒப்பிட்டு மலைநாட்டுப் பிள்ளைகளின் ‘பின்தங்கல்’ குறித்துக் கருத்தரங்கு நடத்துகின்றோம்.)

இனி, இந்த லயங்கள் அவ்விடத்துக்கு எவ்வாறு வந்தன? 1840-ம் ஆண்டின் 12-ம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரிய நிலமாக்கிற்று. கண்டிச் சிங்களக் கிராமவாசி தன் மேய்ச்சற் காட்டை இழந்தான். வெள்ளைத் துரைமார் அதனை மிகக் குறைந்த விலைக்குப் பெற்றனர். காடு வெட்டி எரிக்கப்பட்டது. முதலிற் கோப்பி, கோப்பியை இலைநோய் தின்ற பின்னர் தேயிலை. மண்ணைப் பிடித்து நின்ற பெருமரங்களின் வேர்கள் அழிந்தன. இவ்வளவு வேலைக்கும் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்க் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். அவர்களை எங்கே இருத்துவது? நல்ல மேடு பங்களாவுக்கு. நல்ல சமதரை தொழிற்சாலைக்கு. விளையக்கூடிய சரிவு தேயிலைக்கு. எஞ்சிய பள்ளங்களும் ஓடைக்கரைகளும் செங்குத்துச் சாரல்களின் அடிவாரங்களும் பெரும்பாலும் லயத்துக்கு ஒதுக்கப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம். அன்று கங்காணி காட்டிய இடத்தில் நின்ற சுவர்கள் பல இன்னும் அங்கேயே நிற்கின்றன. அவற்றுள்ளே ஐந்தாம் ஆறாம் தலைமுறை வாழ்கின்றது. ஆகவே மண்சரிவு ஆபத்தை மழை மட்டும் கொண்டுவரவில்லை. தோட்டத்தின் வரைபடத்திலேயே அது வரையப்பட்டிருந்தது.

இங்கே ஒரு முரணையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. சுரண்டலின் உச்சத்தில் நின்ற அந்தப் பழைய துரைமார், மண்ணைப் பற்றிய கணக்கில் மட்டும் கவனமாக இருந்தனர். மேல்மண் கழுவிச் சென்றால் விளைச்சல் குன்றும் என்பதை அறிந்து, சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவித்தனர்; வெட்டிய கானை ஆண்டுதோறும் துப்புரவாக்குவித்தனர். மழைநீர் மலைக்குள் இறங்காமல் வெளியே வடிந்து ஓடிற்று. சுதந்திரத்தின்பின் 1951-ம் ஆண்டில் மண் பாதுகாப்புக்கென 25-ம் இலக்கச் சட்டத்தையும் இயற்றினோம். இன்றோ ஆட்குறைப்பு நடந்த தோட்டங்களிற் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. கைவிடப்பட்ட தேயிலை மலைகளிற் புல் மண்டியிருக்கின்றது. வடிய வழியற்ற நீர் மண்ணுக்குள் இறங்குகின்றது. மண்ணின் பாரம் கூடுகின்றது. மண் துகள்களிடையே நீரின் அமுக்கம் ஏறி, அவற்றின் பிடிப்புத் தளர்கின்றது. அடியிலுள்ள பாறையின் மேல் முழுச் சாரலும் வழுக்கி இறங்குகின்றது. இந்த இயக்கத்தைப் பள்ளி மாணவனும் விளங்கிக்கொள்வான். கான் வெட்டும் ஆளைக் குறைத்து மிச்சப்படுத்திய நாட்சம்பளம் எந்தக் கொம்பனியின் இலாபக் கணக்கிற் சேர்ந்தது என்று கேட்பதற்குத்தான் எவரும் துணியவில்லை.

1972, 1975-ம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. உழைத்தவருக்கு ஒரு பேர்ச் நிலமும் அதனால் வரவில்லை. எசமானன் மட்டும் மாறினான். 1992-ம் ஆண்டு முதல் பிரதேசப் பெருந்தோட்டக் கொம்பனிகளிடம் நிருவாகம் சென்றது. பின்னர் அது நீண்டகாலக் குத்தகையாயிற்று. அக்குத்தகை முடிவது 2045-ம் ஆண்டில். நிலம் இன்னும் அரசுக்கே உரியது. உள்ளூராட்சியின் நிலை இதனினும் விசித்திரமானது. 1987-ம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ம் பிரிவு காரணமாக, தோட்டத்துக்குள்ளே ஒரு பாதையைச் செப்பனிடவும் ஒரு வடிகாலை அமைக்கவும் சபைகள் தடுக்கப்பட்டிருந்தன. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிந்த உறுப்பினரே அச்சபையில் இருந்தாலும், வாக்களித்தவரின் லயத்துக்குச் சபைப் பணத்தில் ஒரு சீமெந்துப் பை போகாது. இத்தடை நீங்கியது 2018-ம் ஆண்டின் திருத்தத்தினாலே.

ஆக, ஒரு லயத்துக்கு எத்தனை பேர் பொறுப்பு என்று எண்ணிப் பாருங்கள். நிலம் அரசினது. அனுபவம் கொம்பனியினது. வீடமைப்பு ஓர் அமைச்சினது. எச்சரிக்கை ஒரு நிறுவனத்தினது. மீட்பு இன்னொரு நிலையத்தினது. சோறும் பாயும் பிரதேச செயலகத்தினது. சாவு மட்டுமே தொழிலாளியினது.

இந்நாட்டிற் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆழிப்பேரலையின் பின்னர் 2005-ம் ஆண்டில் 13-ம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2015-ம் ஆண்டு மார்ச்சில் யப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் கூடி, அனர்த்த ஆபத்தைக் குறைப்பதற்கான சட்டகம் ஒன்றை ஏற்றுக்கொண்டன. அதே ஆண்டு செப்டெம்பரில் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளை ஐக்கிய நாடுகள் சபை அங்கீகரித்தது. இரண்டுக்கும் இலங்கை உடன்பட்டது. 2017-ம் ஆண்டில் 19-ம் இலக்க நிலைபேறான அபிவிருத்திச் சட்டத்தையும் நிறைவேற்றினோம். இரண்டையும் ஒன்றிணைக்க வேண்டும் என்று எல்லா மாநாட்டிலும் பேசப்படுகின்றது. ஒன்றிணைத்தல் என்றால் என்ன? ஓர் அறிக்கையில் இன்னோர் அறிக்கையின் பெயரைக் குறிப்பிடுவதா? அனர்த்தத்துக்கென ஓர் அலுவலகம், அபிவிருத்திக்கென ஓர் அலுவலகம், இரண்டுக்குமிடையே ஒரு கடிதப் போக்குவரத்து என்ற அளவில் அது நின்றுவிட்டது. அனர்த்தம் என்பது அபிவிருத்திக்கு வெளியேயிருந்து வந்து அதனைக் கெடுக்கும் பகை என்பதே இவ்வமைப்பின் உள்ளார்ந்த எண்ணம். நாம் இதனை மறுக்கின்றோம். நாம் ‘அபிவிருத்தி’ என்று பெயரிட்டு அழைத்தவற்றுள்ளேயே பல அனர்த்தங்கள் கருக்கொண்டன.

மலைநாட்டுக்கு வெளியேயும் இதற்குச் சான்றுண்டு. 2017-ம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டன்று கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து முப்பது பேருக்கு மேல் மாண்டனர். அம்மலையை இயற்கையா அடுக்கியது? தலைநகரை அழகுபடுத்திய அதே காலத்தில் அதன் கழிவை ஏழைகளின் கூரைக்கு மேலே குவித்தோம். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப் பாதையில் 2014-ம் ஆண்டின் இறுதியிலிருந்து நிலத்தடி நீர் பெருகிப் பாய, பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. அது மின்சாரத்துக்கும் நீர்ப்பாசனத்துக்குமான திட்டம்; நல்ல நோக்கமே. நோக்கத்தின் நன்மை பாறைக்குத் தெரியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. பாதுகாப்பு என்ற பெயராலேயே ஏழைகளின் நிலத்தைப் பறிக்கவும் இயலும். 2004-ம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர்த் தெற்கில் 100 மீற்றரும் வடக்குக் கிழக்கில் 200 மீற்றரும் கரையோரத் தடை வலயமாக அறிவிக்கப்பட்டன. மீனவரின் குடிசைக்கு ஆபத்தான கரை, உல்லாசப் பயணிகளின் விடுதிக்கு ஆபத்தற்றதாயிற்று. முன்னிருந்த விடுதிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்த பின்னர் அவ்வெல்லைகள் தளர்த்தப்பட்டன. ஆதலால், மலைநாட்டு மக்களை ஆபத்தான இடங்களிலிருந்து அகற்ற வேண்டும் என்று இன்று பேசுவோர் எவராயினும், அகற்றி எங்கே, எந்த உரிமையோடு இருத்துவர் என்பதையும் அதே மூச்சிற் சொல்ல வேண்டும். சொல்லாவிடின், அம்மக்களின் உயிரிலன்றி அவர்கள் நிற்கும் நிலத்திலேயே அவர்களுக்கு அக்கறை என்று நாம் ஐயுறுவதில் தவறில்லை.

2025-ம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி வந்தது. 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்களிலேயே மிகுதியான உயிர்கள் பறிபோயின. சிங்களக் கிராமமும், முஸ்லிம் கடைத்தெருவும், தமிழ் லயமும் ஒரே சேற்றிற் புதைந்தன. 2016-ம் ஆண்டு மே மாதத்தில் அரநாயக்காவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்ட சிங்களக் கிராமவாசிகள் மறைந்ததை நாம் மறக்கவில்லை. அன்றே புளத்கொஹுப்பிட்டியில் லயங்களும் புதைந்தன. மண்சரிவுக்கு இனம் தெரியாது என்று இதனைக் கொண்டு சிலர் உபதேசிப்பர். மண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் சரிவுக்கு முன்னும் பின்னும் வரும் கடதாசிகளுக்கு இனமும் வர்க்கமும் நன்றாகத் தெரியும். டித்வாவின் போது தமிழில் அறிவித்தல்கள் உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. 1987-ம் ஆண்டு முதல் தமிழும் அரசகரும மொழி. அரசகரும மொழியொன்றில் ‘ஓடுங்கள்’ என்று சொல்வதற்கு ஆள் தேடும் நிலையை எந்த ஆபத்துக் குறைப்புக் கணக்கிற் சேர்ப்பது?

அழிவின் பின்னர் நிகழ்வதோ நெடுங்கதை. மீரியபெத்தையில் உயிர் தப்பியோர் முதலிற் பாடசாலைகளிலும், பின்னர் மாகல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும், தடுப்புத் துணிகளுக்கிடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்தனர். அதன்பின்னரே 75 வீடுகள் கிடைத்தன. 75 வீடுகள்! இந்தத் தீவில் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்கள் பத்துக்குக் குறையா. இந்திய உதவியுடன் தோட்டங்களில் 4,000 வீடுகளும், 2017-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும், ஏழு பேர்ச் நிலமும் நல்ல தொடக்கங்களே. நாம் அவற்றை இகழவில்லை. ஆனால் செத்த பின்பு கிடைக்கும் வீட்டுக்கும், இரவலாகக் கிடைக்கும் வீட்டுக்கும் அப்பாற் சென்று, தனக்கென ஒரு நிலக் கொள்கையை இந்நாடு வகுக்காதவரை, வீடமைப்பு என்பது திறப்பு விழாவாகவே இருக்கும்.

‘லயம்’ என்ற சொல் வழங்கும் இன்னொரு மலையையும் பார்ப்போம். கேரளத்தின் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020-ம் ஆண்டு ஓகஸ்ட் 6-ந் திகதி இரவு எழுபது பேரை மண் மூடிற்று. அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தேயிலைத் தொழிலாளர் பரம்பரையினர், அவர்களுக்கும் லயமே வீடு, அவர்களுக்கும் நிலமில்லை. 2024-ம் ஆண்டு ஜூலை 30-ந் திகதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதி அழிந்தபோதும் தோட்டப் பாடிகளில் இருந்தோர் மாண்டனர். நாடு வேறு, அரசாங்கம் வேறு, மாநிலத்தின் கட்சியும் வேறு. ஆனால் ஒரே வகையான தோட்டம் ஒரே வகையான சாவை இரு மலைகளிலும் விளைத்திருக்கின்றது. இதன் பின்னரும் ‘வானிலை’ என்று மட்டும் பேசுவோர் எதனையோ மறைக்க விரும்புகின்றனர்.

வேறு வழி இல்லையா? கியூபாவை நோக்குவோம். 1963-ம் ஆண்டில் ‘புளோரா’ சூறாவளி அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் அந்நாடு குடியியற் பாதுகாப்பை ஊர்தோறும் கட்டியெழுப்பிற்று. 2001-ம் ஆண்டு நவம்பரில் ‘மிச்செல்’ என்னும் பெருஞ்சூறாவளி தாக்கியபோது ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டனர், இறந்தோர் ஐவர். கியூபா செல்வந்த நாடன்று. அங்கே எல்லாம் செம்மையென்று நாம் சாதிக்கவும் வரவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: அங்கே எந்த வீட்டில் நடக்கவியலாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டிற் கருவுற்ற பெண் இருக்கிறாள் என்பதைத் தெருவார் முன்கூட்டியே அறிந்திருக்கின்றனர், வெளியேறுவோருடன் வைத்தியரும் செல்கின்றார், இயன்றவரை உடைமைகளும் ஏற்றிச் செல்லப்படுகின்றன. திரும்பி வரும்போது தம்முடையது தமக்குண்டு என்று நம்புகிறவனே எச்சரிக்கையைக் கேட்டு எழுந்து நடப்பான். இலயத்தில் உள்ளவரிடம் அந்த நம்பிக்கையை எதைக்கொண்டு எதிர்பார்க்கிறோம்?

நமது வாதத்துக்கு இரண்டு மறுப்புக்கள் கூறப்படுவதுண்டு. ஒன்று, பணமில்லை. கடன் சுமந்த நாட்டில் இவ்வளவு வீட்டுக்குப் பணம் எங்கே என்பர். ஒவ்வோர் அழிவின் பின்னரும் பாதை, பாலம், மின்கம்பி, புகையிரதப் பாதை ஆகியவற்றை மீளக் கட்டுவதற்குப் பணம் எங்கிருந்தோ வருகின்றது, கடனாகவேனும் வருகின்றது. முன்னே செலவிட மறுத்ததைப் பன்மடங்காகப் பின்னே செலவிடுகின்றோம். அதிலும் ஒரு கொடுமை: மலைப் பாதைகளை அகலமாக்கும்போது சாரலைச் செங்குத்தாக வெட்டி, தாங்குசுவரும் வடிகாலும் இன்றி விட்டுவிடுகின்றனர், அடுத்த மழையில் அதுவே சரிந்து பாதையையும் பாதையோரத்து வீட்டையும் மூடுகின்றது, பின்னர் அதனை அள்ள ஒரு புதிய ஒப்பந்தம். இதற்குப் பெயர் சிக்கனமன்று.

மற்றது, நிலமில்லை என்பது. இது வெறும் பொய். நிலம் அரசினது என்பதை மேலே சொன்னோம். கைவிடப்பட்ட தேயிலை நிலங்கள் எத்தனை ஏக்கர் என்பதைத் தோட்டங்களின் ஏடுகளே சொல்லும். அபாய வரைபடங்களோ 1986-ம் ஆண்டுத் தொடக்கத்தில் நிகழ்ந்த பெருஞ்சரிவுகளின் பின்னர் தொடங்கிப் படிப்படியாக வரையப்பட்டவை. எது உறுதியான நிலம், எது சரியும் நிலம் என்பதை அவை காட்டுகின்றன. நிலமும் உண்டு, வரைபடமும் உண்டு. வரைபடத்தையும் குத்தகைப் பத்திரத்தையும் ஒரே மேசையில் விரிக்கும் துணிவே இல்லை. விரித்தால், உறுதியான சமதரை எவர் கையில் இருக்கின்றது என்பது வெளிப்பட்டுவிடும்.

நமது பக்கத்தாரையும் விட்டுவிடுதல் நீதியன்று. மலைநாட்டுத் தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்காக நடத்திய போராட்டங்களின் பெருமையை நாம் அறிவோம். ஆயினும் சம்பளப் பேச்சுவார்த்தையிற் கான் வெட்டுதல் ஏன் ஒரு கோரிக்கையாக வரவில்லை? சிவப்பு எச்சரிக்கை நாளுக்கு முழுச் சம்பளம் என்ற ஓர் உறுப்புரை ஏன் எந்த ஒப்பந்தத்துக்கும் நிபந்தனையாக்கப்படவில்லை? எழுத்தாளரும் அவ்வாறே. ஒரு சரிவு நிகழ்ந்ததும் நாற்பது கவிதைகள் வருகின்றன; அனைத்திலும் மலை அழுகின்றது, முகில் அழுகின்றது, தேயிலைச் செடி அழுகின்றது. அழாதவர் குத்தகைக்காரர் ஒருவரே. அவரைப் பற்றிய கவிதை வரக் காணோம். இயற்கையைக் கொடியவளாக்கிப் பாடுகின்ற ஒவ்வோர் அடியும், அறிந்தோ அறியாமலோ, நிருவாகத்துக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரமாகின்றது.

கோரிக்கைகள் நெடியவையல்ல. அபாய வரைபடத்திற் சிவந்த இடத்தில் உள்ள ஒவ்வொரு லயத்தின் பெயரும், அதில் வாழ்வோர் தொகையும், மாற்றிடமும், மாற்றும் ஆண்டும் குறித்த பட்டியல் ஒன்று வெளியிடப்படல் வேண்டும்; தமிழிலும் சிங்களத்திலும் தோட்டக் காரியாலயத்திலும் பாடசாலையிலும் கோயில் வாயிலிலும் அது ஒட்டப்படல் வேண்டும். மாற்றிடம் உறுதிப் பத்திரத்துடன், பெண்ணின் பெயரும் சேர்ந்த உரிமையாக வழங்கப்படல் வேண்டும். வடிகாலைப் பேணாத தோட்டம் குத்தகை நிபந்தனையை மீறியதாகக் கொள்ளப்படல் வேண்டும். எந்தப் பாதையும், எந்த அணையும், எந்த விடுதியும் நிதி பெறுமுன்னர், அதனால் எவருடைய வீட்டின் மேல் எவ்வளவு ஆபத்துக் கூடுகின்றது என்ற கணக்கு வரவுசெலவுத் திட்டத்துடன் பாராளுமன்றத்தில் வைக்கப்படல் வேண்டும். அனர்த்தத்தையும் அபிவிருத்தியையும் ஒன்றிணைத்தல் என்று மாநாடுகளிற் பேசப்படுவதற்கு இதற்கு மேலான பொருளொன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

இவற்றுள் முதலாவதான பட்டியலுக்குப் புதிய சட்டமோ வெளிநாட்டுக் கடனோ வேண்டியதில்லை. அபாய இடங்களின் விவரம் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கின்றது. குடும்ப விவரம் கிராம உத்தியோகத்தரிடமும் தோட்டத்துச் செக்ரோலிலும் இருக்கின்றது. இரண்டையும் சேர்த்து எழுதிக்கொடுக்க மலைநாட்டில் ஆசிரியர் இருக்கின்றனர். அடுத்த பருவமழைக்கு முன்னே அதனைக் கேட்டுப் பிரதேச செயலகங்களின் வாயிலில் நிற்பதற்குச் சங்கங்கள் ஆயத்தமா என்பதை அவை அறிவிக்கட்டும்.